ஒரே ஒரு வடை கொடுக்கலாமா, டாக்டர்?
வாணலியிலும் தள்ளுவண்டியிலும் நோயாளியின் குடும்பம் கவனிக்க வேண்டியவை

மருத்துவமனையில் எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று மருந்தைப் பற்றியதன்று. "டாக்டர், அவருக்கு வாயெல்லாம் கசந்து கிடக்கிறது. ஒரே ஒரு வடை கொடுக்கலாமா?" என்பதே அது. கேட்பவர் மனைவியாகவோ மகளாகவோ இருப்பார். நோயாளி சில நாள்களாகக் கஞ்சியையும் இட்லியையும் பார்த்துச் சலித்திருப்பார். மாலை நேரத்தில் வெளியே பஜ்ஜி பொரியும் மணம் சன்னல் வழியே வந்து அவரை மேலும் வாட்டியிருக்கும். கேட்கத் தயங்குவோரும் பலர். மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று அஞ்சி, துணிப்பையின் அடியில் பொட்டலத்தை மறைத்து உள்ளே கொண்டுவந்துவிடுகின்றனர்.

"எண்ணெய்ப் பலகாரம் கூடாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்புவது எங்களுக்கு எளிது. ஆனால் அந்த விடை எல்லா நோயாளிக்கும் பொருந்துவதில்லை. மேலும், காரணம் விளங்காத தடை நெடுநாள் நிலைப்பதுமில்லை. வீட்டுக்குச் சென்ற பிறகு எதை, எவ்வளவு, எங்கிருந்து வாங்கி உண்பது என்பதை நீங்களேதான் முடிவு செய்யப்போகிறீர்கள். அம்முடிவுக்கு வேண்டிய செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துள்ளோம்.

இரண்டு வெவ்வேறு அபாயங்கள்

பொரித்த பலகாரத்தில் இரண்டு அபாயங்கள் உள்ளன. ஒன்று கிருமி, மற்றொன்று எண்ணெயும் உப்பும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். "வீட்டில் செய்ததுதானே, ஒன்றும் ஆகாது" என்று சிறுநீரக நோயாளிக்கு அப்பளமும் வாழைக்காய் பஜ்ஜியும் கொடுப்பவர் கிருமியை மட்டும் நினைக்கிறார். "எண்ணெய் இல்லாததுதானே" என்று புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்குக் கடையில் வெட்டிவைத்த பழத்தை வாங்கிக் கொடுப்பவர் எண்ணெயை மட்டும் நினைக்கிறார்.

உண்மையில், வாணலியிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையில் உயிருள்ள கிருமிகள் இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. பொரிக்கும் எண்ணெயின் வெப்பம் ஏறக்குறைய 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மாவின் உட்புறமும் நன்றாக வெந்துவிட்டால் டைபாய்டு, காலரா முதலிய நோய்க்கிருமிகள் அதில் பிழைப்பதில்லை. அப்படியானால் தெருவோர வடையை உண்டவருக்கு நோய் எங்கிருந்து வருகிறது?

நோய் பெரும்பாலும் வடைக்கு அருகில் இருக்கிறது

முதலில் சட்னியைப் பாருங்கள். தேங்காயும் பொட்டுக்கடலையும் காய்ச்சாத நீரில் அரைக்கப்பட்டு, நம் ஊர் வெயிலில் பல மணி நேரம் திறந்த வாளியில் இருக்கும் பண்டம் அது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். சமைத்த உணவை அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காலையில் அரைத்த சட்னி மாலை வடைக்கும் ஊற்றப்படுமானால், கெட்டது வடையன்று, சட்னியே.

அடுத்தது நீர். பானிபூரியில் பூரி பொரித்ததுதான். அதனுள் நிரப்பும் புளி, புதினா நீர் கொதிக்கவைத்ததன்று. கடைக்காரரின் கை ஒவ்வொரு முறையும் அந்த நீரில் முழுகி எழுகிறது. புளிப்பும் காரமும் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க இயலாது. அதுபோலவே, பனிக்கட்டியாக உறைந்த நீரில் கிருமிகள் செத்துவிடுவதில்லை. உறக்கத்தில் இருந்து, உருகியதும் விழித்துக்கொள்கின்றன.

மூன்றாவது, தட்டும் கையும். ஒரே வாளி நீரில் நாள் முழுவதும் முக்கியெடுக்கப்படும் தட்டு கழுவிய தட்டாகாது. பணம் வாங்கும் கையும் வடை எடுக்கும் கையும் ஒன்றாக இருப்பதும் கவனிக்கத்தக்கது. டைபாய்டு நோயிலிருந்து குணமானவர்களுள் சிலரின் பித்தப்பையில் அக்கிருமி நெடுங்காலம் தங்கியிருக்கும். அவர் நலமாகவே இருப்பார். ஆனால் கழிப்பறைக்குச் சென்று வந்து சோப்பிட்டுக் கை கழுவாவிட்டால், அவர் தொடும் உணவின் வழியே மற்றவர்க்கு நோய் பரவும். இது கடைக்காரருக்கு மட்டுமன்று, வீட்டில் சமைப்பவருக்கும் பொருந்தும்.

நான்காவது, உள்ளே வைக்கும் மசாலா. காலையிலேயே பிசைந்து வைத்த உருளைக்கிழங்கு மசாலாவில் சில பாக்டீரியாக்கள் வளர்ந்து நச்சுப்பொருளை உண்டாக்கிவிட்டால், பின்னர் எண்ணெயில் பொரிப்பதால் பாக்டீரியா மடியுமேயன்றி நச்சு அழியாது. "சூடாகத்தானே சாப்பிட்டோம்" என்பவர்க்கும் வாந்தி வருவதற்கு இது ஒரு காரணம்.

ஐந்தாவது, பொட்டலம். வடையைச் செய்தித்தாளில் வைத்துப் பிழிந்து எண்ணெயை எடுக்கும் வழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. சூடும் எண்ணெயும் சேரும்போது அச்சுமையிலுள்ள வேதிப்பொருள்கள் உணவில் இறங்குகின்றன. இதைத் தவிர்க்குமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. வாழையிலையும் மந்தாரை இலையும் நன்றாகக் கழுவித் துடைத்திருந்தால் செய்தித்தாளைவிட மேலானவை. வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுசெல்வது எல்லாவற்றினும் நன்று.

இவற்றைச் சொல்வதனால் தள்ளுவண்டி வைத்திருப்பவர்களை நாங்கள் பழிப்பதாகக் கொள்ள வேண்டா. குழாய்நீரும் கழிப்பறையும் அருகில் இல்லாத நிலையிலும் தூய்மையாகத் தொழில் செய்வோர் பலர். சிறு உணவு வணிகர் ஒவ்வொருவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். பதிவுச் சான்று இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கினால் கடையும் மாறும்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது இவ்வளவு போதும்:

• கண்முன்னே பொரித்து, சூடு ஆறாமல் தருகிறாரா?
• பணத்தைத் தொட்ட கையால் உணவைத் தொடாமல் இடுக்கியோ கரண்டியோ பயன்படுத்துகிறாரா?
• எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்துகொண்டிருக்கவில்லையே?
• பலகாரம் மூடியிட்டு வைக்கப்பட்டுள்ளதா? அருகில் சாக்கடையோ ஈக்களோ இல்லையே?
• ஐயம் இருப்பின், சட்னியும் நறுக்கிய வெங்காயமும் வேண்டா என்று சொல்லி, வடையை மட்டும் உண்ணுங்கள்.

"நேற்றுச் சாப்பிட்டதுதான் காரணமா?"

காய்ச்சலோடு வருபவரிடம் என்ன உண்டீர்கள் என்று கேட்டால், முந்தைய நாள் உணவையே சொல்வார். பல நேரங்களில் குற்றவாளி அதுவன்று. கெட்ட உணவிலுள்ள நச்சினால் வரும் வாந்தி அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள்களுக்குள் வெளிப்படும். டைபாய்டு காய்ச்சல் தொடங்கப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஹெபடைடிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலை வெளிப்படச் சராசரியாக நான்கு வாரம் ஆகும். ஆகவே காமாலையோடு வருபவரிடம், சென்ற மாதம் எங்கே பயணம் செய்தீர்கள், எந்த விருந்தில் நீர் அருந்தினீர்கள் என்று நாங்கள் கேட்கும்போது, அது வீண் கேள்வி என்று எண்ணாமல் நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

கருவுற்ற பெண்கள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சொல். அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ, பிறருக்குப் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். கருவுற்றவரை, அதுவும் கடைசி மூன்று மாதங்களில் தாக்கினால், கல்லீரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அக்காலத்தில் நோயுற்ற பெண்களுள் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. மசக்கைக்காரி ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்று பானிபூரி வாங்கிவரும் கணவர்மார் இதை நினைவிற்கொள்ள வேண்டும். அதே சுவையைக் கொதிக்கவைத்து ஆற்றிய நீரில் வீட்டிலேயே செய்து கொடுங்கள். ஆசையும் நிறைவேறும், அச்சமும் இராது.

வீட்டு வாணலியில் நடப்பது

வீட்டில் செய்வதால் கிருமியைப் பெரிதும் தவிர்க்கலாம். எண்ணெயைத் தவிர்ப்பதற்கு அதன் இயல்பை அறிதல் வேண்டும்.

மாவு சூடான எண்ணெயில் விழுந்தவுடன் அதிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. நாம் காணும் குமிழிகள் அந்த ஆவியே. ஆவி வேகமாக வெளியேறும் வரை எண்ணெய் உள்ளே நுழைய இடமில்லை. எண்ணெய் போதிய அளவு காயாதிருந்தால் ஆவியின் வேகம் குறையும். பலகாரம் நெடுநேரம் எண்ணெயில் ஊறும். "குறைந்த தீயில் பொரித்தால் எண்ணெய் குடிக்கும்" என்று நம் பாட்டிமார் சொல்வது சரியே. ஒரு துளி மாவை இட்டால் அது அடியில் தங்காமல் உடனே மேலெழ வேண்டும். அதே வேளை எண்ணெய் புகையலாகாது. ஒரே ஈட்டில் அளவுக்கு மீறி இட்டு வாணலியை நிரப்பினாலும் வெப்பம் தாழ்ந்துவிடும்.

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. பலகாரம் குடிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு, அதை வெளியே எடுத்த பிறகே உள்ளே இறங்குகிறது. சூடு தணியும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேற்பரப்பில் ஒட்டியுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. ஆதலால் ஜல்லிக்கரண்டியில் எடுத்தவுடன் வாணலியின் மேலேயே சில நொடிகள் நன்றாக உதறி, உடனே வடிதட்டிலோ அச்சில்லாத தாளிலோ பரப்பிவிட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துவைத்துப் பின்னர் ஒற்றியெடுப்பதில் பயன் குறைவு.

மெதுவடைக்கு உளுந்தை நீர் மிகுதியாக விட்டு அரைத்தால் எண்ணெய் குடிக்கும். தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். பஜ்ஜி மாவில் சோடா உப்பு சேர்த்தால் மென்மை கிடைக்கும். எண்ணெயும் கூடும், சோடியமும் கூடும். சோடாவுக்கு மாற்றாகக் கடலை மாவில் சிறிது அரிசி மாவைச் சேர்த்தால் மொறுமொறுப்பு வரும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கருகச் சிவக்கவிட்டால், குறிப்பாக உருளைக்கிழங்கில், அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் பெருகும்.

ஒரு பஜ்ஜி எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பதை நீங்களே அளந்தறியலாம். பொரிக்கும் முன் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். பொரித்து முடித்து ஆறிய பின் மீண்டும் அளந்து பாருங்கள். 250 மி.லி. ஊற்றி 190 மி.லி. மீந்ததாகக் கொள்வோம். பன்னிரண்டு பஜ்ஜிக்கு 60 மி.லி. செலவாயிற்று, ஒன்றுக்கு 5 மி.லி., அதாவது ஒரு தேக்கரண்டி. அந்த எண்ணெயிலிருந்து மட்டும் பஜ்ஜி ஒன்றுக்கு ஏறத்தாழ 40 கலோரி. ஒருமுறை இப்படி அளந்து பார்த்த குடும்பத்துக்கு நாங்கள் அறிவுரை கூறத் தேவையே இருப்பதில்லை.

மீந்த எண்ணெயை என்ன செய்வது? ஒருமுறை பயன்படுத்துவதே சிறந்தது. மீண்டும் பயன்படுத்துவதாயின், ஆறிய பின் மெல்லிய துணியில் வடிகட்டி, கருகிய துகள்களை நீக்கி, மூடிய பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் வைத்து, ஓரிரு நாள்களுக்குள் தாளிக்கவோ குழம்புக்கோ செலவிட்டுவிடுங்கள். புதிய எண்ணெயோடு கலக்க வேண்டா. சிக்கு வாடை, பிசுபிசுப்பு, கருநிறம், நுரை, முன்பைவிட விரைவில் புகைதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் துருவச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் சேர்கின்றன. இவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயை உணவகங்கள் பயன்படுத்தலாகாது என்ற விதி 2018 சூலை முதல் நடைமுறையில் உள்ளது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். கோகுலாஷ்டமிக்குச் சீடை செய்கையில் அது வெடித்து முகத்திலும் கையிலும் எண்ணெய் தெறிப்பதுண்டு. மாவை நன்றாகச் சலித்து, உருட்டியவற்றைத் துணியில் உலர்த்தி, ஊசியால் துளையிட்டுப் போடுங்கள். எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். சுட்ட இடத்தைக் குழாய்நீரின் கீழ் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் பூச வேண்டா.

யாருக்கு எது ஆகும்?

*புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர்:* இவர்களுக்குக் கிருமியே முதல் எதிரி. பசியிருந்தால், வீட்டில் அப்போதே பொரித்த வடை ஒன்றோ இரண்டோ உண்ணலாம். கடைச் சட்னி, பானிபூரி, வெட்டிவைத்த பழம், பழச்சாறு ஆகியவை கூடா.

*சிறுநீரக நோயாளிகள்:* இவர்களுக்கு உப்பும் பொட்டாசியமும் முதன்மை. அப்பளம், வடகம், ஊறுகாய், சோடா சேர்ந்த பஜ்ஜி ஆகியவற்றில் சோடியம் மிகுதி. வாழைக்காயிலும் உருளைக்கிழங்கிலும் பொட்டாசியம் மிகுதி. உங்கள் இரத்தப் பரிசோதனையின் அளவைக் கேட்டறிந்த பின்னரே இவற்றைத் தொட வேண்டும்.

*இதய நோயாளிகள், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர்:* ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். பலகாரம் என்றாவது ஒரு நாளைக்கு மட்டும். அதுவும் புதிய எண்ணெயில் பொரித்தது. வனஸ்பதியில் செய்தவற்றைத் தவிருங்கள்.

*நீரிழிவு நோயாளிகள்:* மாலையில் நான்கு பஜ்ஜி உண்டுவிட்டு இரவு வழக்கம்போல் உண்பதே சிக்கல். கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை உடனே ஏறாமல் சில மணி நேரம் கழித்து ஏறலாம். ஓரிரண்டோடு நிறுத்தி, இரவு உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். சுண்டல் இதைவிட நல்ல மாற்று.

*கல்லீரல் நோயாளிகள்:* காமாலை என்றாலே எண்ணெயும் உப்பும் அறவே கூடாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. குமட்டல் தீரும் வரை எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை. ஆனால் பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடுவது தீங்கு விளைவிக்கும். வயிற்றில் நீர் கோத்தவர்க்கு உப்பைக் குறைப்பது கட்டாயம். நாட்பட்ட கல்லீரல் நோயுள்ளோர் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

*பித்தப்பைக் கல் உள்ளோர்:* எண்ணெய்ப் பண்டம் கடும் வயிற்றுவலியைத் தூண்டக்கூடும். அறுவை சிகிச்சை முடியும் வரை தவிருங்கள்.

பொரித்த சுவைக்கு ஏங்குவோர்க்கு ஒரு வழி: வடை மாவையோ அடை மாவையோ குழிப்பணியாரச் சட்டியில் குழிக்குச் சில துளி எண்ணெய் விட்டு வேகவையுங்கள். மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் கிடைக்கும். எண்ணெயோ மிகச் சிறிதளவே செலவாகும்.

வார்டுக்குள் கொண்டுவரும் முன்

எதைக் கொண்டுவந்தாலும் முதலில் செவிலியரிடம் காட்டுங்கள். மறைக்க வேண்டியதில்லை. மறுநாள் அறுவை சிகிச்சை இருப்பவர்க்கு இது உயிர் தொடர்பான செய்தி. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவிருந்தால் அது நுரையீரலுக்குள் ஏறிவிடக்கூடும். எண்ணெய்ப் பலகாரம் இரைப்பையை விட்டுக் கீழிறங்க நேரமாகும். எனவே எட்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். தெரியாமல் உண்டுவிட்டால் சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்க நேர்ந்தாலும் யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பகிர்ந்தளிப்பது நம் பண்பாடு. மருத்துவமனையில் மட்டும் அதை ஒத்திவையுங்கள். அவருக்கு உப்புக் கட்டுப்பாடு இருக்கலாம்; அவர் வெறும் வயிற்றோடு சிகிச்சைக்குக் காத்திருக்கலாம்.

வயிறு கெட்டுவிட்டால்

முதல் மருந்து நீரும் உப்பும். உலகச் சுகாதார நிறுவன முறைப்படி தயாரான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறிப்பிட்ட அளவு கொதித்து ஆறிய நீரில் முழுவதுமாகக் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். பொட்டலம் கிடைக்காவிடில், ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். இனிப்பான பழபானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகா. தாய்ப்பாலை நிறுத்த வேண்டா. குழந்தைகளுக்குத் துத்தநாக மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்கும், காய்ச்சலோ இரத்தப்போக்கோ உள்ளவர்க்கும் நீங்களாகக் கொடுக்கலாகாது.

டயாலிசிஸ் செய்துகொள்வோரும் இதயம் பலவீனமானோரும் ஓ.ஆர்.எஸ். அருந்தும் முன் எங்களிடம் பேசுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மாத்திரை உண்போர், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ள நாளில் எதைத் தொடர்வது, எதை நிறுத்திவைப்பது என்று கட்டாயம் கேளுங்கள்.

மலத்தில் இரத்தம், தணியாத காய்ச்சல், ஒரு வாய் நீரும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், மயக்கமான தூக்கம், கண்ணோ தோலோ மஞ்சளாதல், குழந்தையின் கண்கள் குழிவிழுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வீட்டில் காத்திராமல் உடனே வாருங்கள். கருவுற்றோர், முதியோர், எதிர்ப்பாற்றல் குறைந்தோர் இவ்வறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல் முதல் நாளே வரவேண்டும்.

நோயாளிக்கு உணவு மருந்து மட்டுமன்று. மீண்டும் வாழ்வுக்குத் திரும்புகிறோம் என்ற நம்பிக்கையும் ஆகும். ஆகவே, "ஒரே ஒரு வடை கொடுக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். எங்கே செய்தது, எந்த எண்ணெயில், அவருக்கு என்ன நோய் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். அம்மூன்றுக்கும் விடை கிடைத்தால், பல நேரங்களில் எங்கள் பதில் "கொடுக்கலாம்" என்பதாகவே இருக்கும்.